இரண்டாவது கட்டில்

மனநல வார்டில் ஓர் அறைக்குள் நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது நோயாளியின் கட்டில். இரும்புச் சட்டம், ரெக்சின் உறை போட்ட மெத்தை, கால்மாட்டில் கேஸ் ஷீட். பக்கத்தில் சுவரோரமாக இன்னொரு கட்டில் கிடக்கும். முழங்கால் உயரம்கூட இராது. அகலமும் குறைவு, புரண்டு படுத்தால் ஒரு கை வெளியே தொங்கும். பகலில் அதைப் பெரிய கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடலாம். அதன் மேல் வீட்டுப் போர்வை, ஒயர் கூடை, ஃபிளாஸ்க், செல்போன் சார்ஜர். ஆஸ்பத்திரிக் கணக்கில் அது படுக்கையே அல்ல. முப்பது படுக்கை வார்டு என்றால் பெரிய கட்டில்களை மட்டும்தான் எண்ணியிருப்பார்கள். அட்டெண்டர் கட்டில் என்பார்கள், துணையாள் கட்டில் என்பார்கள். பல இடங்களில் அது கட்டிலாகக்கூட இல்லாமல் ஒரு பாயாகச் சுருங்கியிருக்கும்.

எலும்பு முறிவுக்கோ பிரசவத்துக்கோ சேர்ந்தவருக்குத் துணையாக இருப்பவரின் வேலை நமக்குத் தெரியும். மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு ஓடுவார், கஞ்சி வாங்கி வருவார், காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவார். மனச்சோர்வு முற்றி ஆஸ்பத்திரியில் சேர்ந்தவருக்குப் பக்கத்தில் படுப்பவரின் வேலை அதோடு முடிவதில்லை. அவர் அங்கே இருப்பதே சிகிச்சையில் சேர்த்தி. அப்படி ஒரு கட்டில் மனநோய் வார்டுக்குள் வந்து சேர்ந்த கதையை நம்மில் பலர் கேள்விப்பட்டதே இல்லை. அதன் முக்கியமான திருப்பங்கள் இந்தியாவில் நடந்தன. அவற்றில் பெரிய ஒன்று வேலூரில் நடந்தது.

முதலில் அந்தக் கட்டிலை உள்ளே விடக்கூடாது என்பதுதான் மருத்துவத்தின் கட்டளை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிஸில் மனநோய் மருத்துவத்தின் பெரிய தலையாக இருந்தவர் எஸ்கிரோல். நோயாளியைக் குடும்பத்திடமிருந்து பிரித்தெடுப்பதே குணமாக்குவதன் முதல் படி என்று அவர் வாதாடினார். வீடு, உறவு, பழகிய முகங்கள் எல்லாமே நோய்க்குத் தீனி போடுகின்றன என்பது அவர் கருத்து. அரை நூற்றாண்டு கழித்து, பிலடெல்பியாவில் வெயர் மிட்செல் என்ற நரம்பு மருத்துவர் சோர்ந்துபோன பெண்களுக்கு 'ஓய்வுச் சிகிச்சை' என்று ஒன்றை வகுத்தார். பல வாரங்கள் படுக்கை, நிறையப் பால், நிறையச் சாப்பாடு, உடம்பு பிடித்துவிடுவது. உறவினர் யாரும் பார்க்க வரக்கூடாது. குழந்தை பிறந்த பிறகு கடுமையான மனச்சோர்வில் விழுந்த எழுத்தாளர் சார்லட் பெர்கின்ஸ் கில்மன் 1887இல் அவரிடம் இந்தச் சிகிச்சைக்குப் போனார். அதனால் தன் நிலை இன்னும் மோசமானதாக அவர் பிறகு பதிவு செய்தார். 'மஞ்சள் சுவர்த்தாள்' என்று நாம் சொல்லக்கூடிய அவருடைய சிறுகதை அதிலிருந்து பிறந்ததுதான்.

எஸ்கிரோலின் எண்ணத்தில் ஒரு நியாயம் இருந்தது. அதை மறுக்க முடியாது. சில வீடுகள் ஆளை நோயாளியாக்குகின்றன. ஆனால் பிரித்து வைத்துக் குணமாக்கிய ஆள் மறுபடி போய்ச் சேர்வதும் அதே வீட்டுக்குத்தான்.

நோயாளியைப் பிரித்து வைக்கும் வழக்கம் எஸ்கிரோலுக்கு முன்பே, கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியில், கடல் கடந்து சென்னைக்கு வந்துவிட்டது. 1794இல் வாலண்டைன் கனோலி என்ற அறுவை மருத்துவர் இங்கே ஒரு காப்பகம் கட்டினார். 1871இல் கீழ்ப்பாக்கத்தில் பெரிய மனநோய்க் காப்பகம் திறந்தது. சுவர் எழும்பியது, வாசலில் காவல் நின்றது. சொந்தக்காரர் பார்வையாளராக வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போகும் ஆளானார். கீழ்ப்பாக்கம் என்ற பெயரே வசைச்சொல்லாக மாறியதற்குப் பின்னால் இந்தச் சுவர் இருக்கிறது. உள்ளே என்ன நடக்கிறது என்று வெளியே யாருக்கும் தெரியாது. தெரியாத இடத்தைப் பற்றிய பயம் கேலியாக வெளியே வரும். என் சிறு வயதில் பேருந்தில், பள்ளியில், சினிமாவில் அந்தக் கேலியை நாங்கள் எல்லோரும் கேட்டு வளர்ந்தோம்.

அதே காலத்தில், சுவர் இல்லாத இடங்களும் தமிழ்நாட்டில் இருந்தன. திருச்சிக்கு அருகே குணசீலம் பிரசன்ன வெங்கடாசலபதி கோயிலில் மனம் பேதலித்தவரை அழைத்து வந்து ஒரு மண்டலம், அதாவது 48 நாள், தங்க வைப்பது வழக்கம். சொந்தக்காரரும் கூடத் தங்குவார். முத்துசுவாமி கோயில் என்ற இன்னொரு கோயிலுக்கு இப்படி வந்து தங்கியவர்களைப் பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தின் மருத்துவர்கள் 2000ஆம் ஆண்டில் ஆராய்ந்தார்கள். அந்தக் கட்டுரை 2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. மொத்தம் 31 பேர். பெரும்பாலோர் மனச்சிதைவு நோயாளிகள். சராசரியாக ஆறு வாரம் தங்கினார்கள், ஒவ்வொருவருக்கும் வீட்டு ஆள் ஒருவர் துணை. தனிச் சடங்கு எதுவும் செய்யவில்லை. நோயின் தீவிரத்தை அளக்கும் மதிப்பெண் கிட்டத்தட்ட 20 சதவீதம் குறைந்திருந்தது. பயமுறுத்தாத, ஆதரவான இடத்தில் இருந்ததே அதற்குக் காரணமாக இருக்கலாம் என்று அவர்கள் எழுதினார்கள்.

கோயிலையும் தர்காவையும் நான் போற்றிப் பாட வரவில்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் வெந்து செத்தார்கள். அவர்கள் இருந்தது தர்காவை நம்பிப் பிழைத்த ஒரு தனியார் விடுதியில். அங்கே அவர்களுக்குப் பக்கத்தில் படுக்க வீட்டு ஆள் இல்லை. தங்க வைத்துவிட்டுப் போனவர்கள் பணம் அனுப்பினார்கள், அல்லது அதுவும் இல்லை. ஏர்வாடியை நினைக்கும்போதெல்லாம் சங்கிலியோடு சேர்த்து எனக்கு இதுவும் நினைவுக்கு வருகிறது.

ஆஸ்பத்திரிக்குள் இரண்டாவது கட்டில் நுழைந்தது பஞ்சாபில். நுழைந்தபோது அது கட்டிலாக இல்லை, கூடாரமாக இருந்தது. சுதந்திரத்துக்குச் சற்று முன் வந்த, மருத்துவ வசதிகளை ஆராய்ந்த போர் (Bhore) கமிட்டியின் அறிக்கைப்படி அன்றைய இந்தியா முழுவதற்கும் மனநோய்ப் படுக்கைகள் சுமார் 10 ஆயிரம்தான். அதன் பிறகு பிரிவினை. லாகூர் மனநோய் ஆஸ்பத்திரியிலிருந்த இந்து, சீக்கிய நோயாளிகளை 1950இல் எல்லை தாண்டி அமிர்தசரஸுக்கு அனுப்பினார்கள். மண்டோவின் 'டோபா டேக் சிங்' கதை இந்தப் பரிமாற்றத்தை வைத்து எழுதியதுதான். அமிர்தசரஸ் ஆஸ்பத்திரியில் இடம் இல்லை, ஆள் இல்லை. அதன் கண்காணிப்பாளராக இருந்த டாக்டர் வித்யாசாகர், நோயாளியை அழைத்து வந்த குடும்பங்களையே அங்கே இருக்கச் சொன்னார். ஆஸ்பத்திரி வளாகத்தில் கூடாரம் அடித்தார்கள். அம்மாவோ தம்பியோ மனைவியோ நோயாளியோடு அதில் தங்கினார்கள்.

ஆள் பற்றாக்குறையில் தொடங்கியது இது. தாதிமார் போதாததால் வீட்டு ஆள் தாதியானார். ஆனால் வித்யாசாகர் அதில் வேறொன்றைக் கண்டார். கூடாரத்தில் தங்கிய குடும்பங்களைக் கூட்டி உட்கார வைத்து நோயைப் பற்றிப் பேசினார். பக்கத்துக் கூடாரத்தில் ஒருவர் தேறுவதைக் கண்ணால் பார்த்த குடும்பத்துக்கு, இது தீராத சாபம் என்ற நினைப்பு கரைந்தது. நோயாளியைக் கொண்டுவந்து தள்ளிவிட்டுப் போகும் வழக்கம் குறைந்தது. வீட்டுக்குப் போனபின் எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதை அவர்கள் வாசலிலேயே கற்றுக்கொண்டு போனார்கள். ஊருக்குப் போய் மற்றவர்களுக்கும் சொன்னார்கள்.

கிட்டத்தட்ட அதே காலத்தில் இங்கிலாந்தில், இதைப் பற்றி எதுவும் அறியாமல், இன்னொருவர் இன்னொரு கட்டிலை உள்ளே கொண்டுவந்தார். லண்டனை ஒட்டிய ஹாம் காமனில் கேசல் ஆஸ்பத்திரி என்று ஒன்று. மருந்தைவிடப் பேச்சுச் சிகிச்சையை நம்பி, உள்நோயாளிகளை வைத்து நடந்த இடம் அது. அதன் தலைவர் டாம் மெயின் 1948இல் ஒரு தாயை அவளுடைய குழந்தையோடு சேர்த்து அட்மிட் செய்தார். வார்டில் தொட்டில் வந்தது. தாய்க்கும் பிள்ளைக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்பதைச் சொல்லக் கேட்பதைவிடக் கண்ணால் பார்ப்பது சிகிச்சைக்கு உதவும் என்று அவர்கள் கண்டுகொண்டார்கள். பத்து வருடம் கழித்து அந்த அனுபவத்தை அவர் லான்செட் இதழில் எழுதினார். ஒரு பக்கம் வறுமை, ஒரு பக்கம் வசதி, நடுவில் ஆயிரக்கணக்கான மைல். வந்து சேர்ந்த இடம் ஒன்றுதான்.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் 1957இல் பாகாயத்தில் தொடங்கியது. தொடங்கியவர் ஃபுளோரன்ஸ் நிக்கோல்ஸ் என்ற கனடா நாட்டு மருத்துவர். இங்கேதான் கூடாரம் அறையானது. பற்றாக்குறைக்குச் செய்த ஏற்பாடாக இருந்தது விதியானது: நோயாளியோடு குறைந்தது வீட்டு ஆள் ஒருவராவது தங்கியே ஆக வேண்டும். படுக்க ஓர் அறை, பக்கத்தில் சமையலுக்கு இடம், குளிக்க இடம். ஒரு சின்ன வீட்டையே உள்ளே கட்டிவிட்டார்கள். கோல்மேயர், ஃபெர்னாண்டஸ் என்ற இரண்டு மருத்துவர்கள் இந்த முறையை 1963இல் அமெரிக்க மனநோய் மருத்துவ இதழில் எழுதியபோது, காப்பகச் சுவர்களுக்குள்ளேயே பழகிய மேல்நாட்டு மருத்துவர்களுக்கு அது புதுமையாக இருந்திருக்கும். நம் ஊர்க்காரர்களுக்கு இதில் புதுமை எதுவும் இல்லை. ஆஸ்பத்திரியில் ஆளைத் தனியாக விட்டுவிட்டு வருவதுதான் நமக்கு விநோதம்.

சமையல் இடத்தைக் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். மனச்சோர்வில் முதலில் போவது இந்த மாதிரிச் சின்ன வேலைகள். குழம்புக்கு வெங்காயம் நறுக்கவேண்டும் என்றாலே மலையைப் புரட்டச் சொன்ன மாதிரி இருக்கும் என்று நோயிலிருந்து எழுந்த பலர் சொல்கிறார்கள். சாதாரண வார்டில் சாப்பாடு தட்டில் வந்துவிடும்; அந்தத் தடை இருப்பதே யாருக்கும் தெரியாது. அடுப்பு பக்கத்தில் இருந்தால் தெரிந்துவிடும். இன்று உலகம் முழுக்க மனச்சோர்வுக்குக் கொடுக்கும் பேச்சுச் சிகிச்சைகளில் ஒன்று, செயலிலிருந்து தொடங்குவது. மனசு சரியாகட்டும், பிறகு எழுந்திருக்கலாம் என்று காத்திருக்காமல், எழுந்து ஒரு சின்ன வேலை செய்து, அதன் பின்னால் மனசு மெல்ல அசைகிறதா என்று பார்ப்பது. 1970களில் ஆரெகனில் பீட்டர் லூயின்சோனும், பிலடெல்பியாவில் ஆரன் பெக்கும் இதற்கு வடிவம் கொடுத்தார்கள். கையில் ஒரு தாள் தருவார்கள். மணிவாரியாகக் கட்டம். என்ன செய்தேன், அதில் எவ்வளவு திருப்தி, எவ்வளவு சாதித்த உணர்வு என்று எண் போட வேண்டும்.

அந்தத் தாளையும் அந்தக் கட்டிலையும் நான் ஒன்றாகப் பார்த்தது என் அக்காவின் விஷயத்தில். பெரியம்மா மகள். கடைசிப் பிள்ளை பெரியவனான பிறகு சோர்வு பிடித்து, பிறகு சாப்பாட்டை மறந்து, பிறகு வாழ்வதில் அர்த்தமில்லை என்று வாய்விட்டுச் சொன்னபோது ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். கூடப் படுத்தது அத்தான். ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர். அக்கா காலையில் எட்டரை வரை போர்த்திப் படுத்திருப்பது சோம்பல் என்று அவர் உறுதியாக நம்பியிருந்தார். வீட்டில் அவர் படுப்பது மாடியில்.

வார்டில் அந்தக் குட்டைக் கட்டிலில் அவருக்குத் தூக்கம் சரியாக வரவில்லை. மூன்றரை மணிக்கு விழித்துப் பார்த்தால் அக்கா விட்டத்தைப் பார்த்தபடி படுத்திருக்கிறாள். மறுநாளும் அப்படி. அதற்கு மறுநாளும். "எப்ப முழிச்ச?" என்று கேட்டிருக்கிறார். "நான் தினமும் இந்த நேரந்தான் முழிப்பேன் அத்தான். விடியறதுதான் கஷ்டமா இருக்கும்" என்றாளாம். விடியற்காலையில் அகால விழிப்பும், காலையில் கனமாக இருந்து மாலையில் சற்று இலேசாவதும் இந்த நோயின் பாடப்புத்தக அடையாளங்கள். அத்தானுக்குப் புத்தகத்தில் சொல்லியிருந்தால் ஏறியிருக்காது. இத்தனை வருட தாம்பத்தியத்தில் அவர் பார்க்காத ஒரு மணி நேரத்தை அந்தக் கட்டில் அவருக்குக் காட்டியது.

உளவியல் நிபுணர் ஓர் இளம் பெண். வாரத்தில் இரண்டு மூன்று முறை அக்காவோடு தனியாகப் பேசுவார். பிறகு ஒருநாள் அத்தானையும் உட்கார வைத்தார். "காலையில அவங்க எழுந்ததும் நீங்க முதல்ல என்ன சொல்லுவீங்க சார்?" அத்தான் யோசித்துவிட்டு, "இன்னைக்காவது தலைக்குக் குளிக்கிறியான்னு கேப்பேன்" என்றார். நிபுணர் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. ஒரு காகிதத்தில் அந்த வாக்கியத்தை அப்படியே எழுதி, "'இன்னைக்காவது'ங்கற இந்த வார்த்தை இல்லாம இதையே சொல்லிப் பாக்கலாமா?" என்றார். அந்த ஒரு வார்த்தையைப் பற்றியே அன்றைக்கு முக்கால் மணி நேரம் போனது என்று அத்தான் பிறகு வியந்து வியந்து சொன்னார்.

தாளில் எண் போடுவது அக்காவின் வேலை. அத்தானுக்குச் சொல்லப்பட்டது ஒன்றுதான்: ஞாபகப்படுத்த வேண்டாம், கூடப் போங்கள். ஏழு மணிக்கு முகம் கழுவுதல் என்று கட்டத்தில் இருந்தால் அவரும் எழுந்து முகம் கழுவ வேண்டும். பத்தரைக்குக் கேண்டீன் வரை நடை என்றால் அவரும் நடக்க வேண்டும். முதலில் எல்லாக் கட்டத்திலும் பூஜ்யமும் ஒன்றும்தான். பிறகு ஒரு சாயங்காலம், பக்கத்து அறைப் பாட்டிக்குத் தலை பின்னிவிட்ட இடத்தில் ஐந்து என்று எழுதியிருந்தாள். அந்தத் தாளை அத்தான் கடையில் கல்லாவுக்குள் வைத்திருக்கிறார். மாத்திரையும் இருந்தது. அதை மறைத்துப் பேச்சுச் சிகிச்சை மட்டுமே குணமாக்கியது என்று எழுதினால் பொய்யாகும். ஆனால் மாத்திரை பிடிக்க இரண்டு மூன்று வாரம் ஆகும். அதுவரை ஆளைப் பிடித்து வைத்திருந்தது இந்த நடையும் பேச்சும்தான்.

அத்தானின் அந்த ஒரு வார்த்தைக்குப் பின்னால் பெரிய ஆராய்ச்சி இருக்கிறது. லண்டனில் 1970களில் கிறிஸ்டின் வானும் ஜூலியன் லெஃபும் நோயாளிகளின் உறவினர்களைப் பேட்டி கண்டு, பேச்சில் எத்தனை குத்தல் வருகிறது என்று எண்ணினார்கள். சொல்லை மட்டுமல்ல, தொனியையும் கணக்கில் எடுத்தார்கள். 1976இல் வந்த முடிவில், குத்தல் மிகுந்த வீட்டுக்குத் திரும்பியவர்கள் மறுபடி நோயில் விழுவது அதிகமாக இருந்தது. மனச்சிதைவு நோயாளிகளுக்கு ஆபத்து தொடங்கும் எல்லை ஆறு குத்தல். மனச்சோர்வு நோயாளிகளுக்கு இரண்டே போதுமானதாக இருந்தது. அவ்வளவு மெல்லிய தோல். பின்னர் 1989இல் ஜில் ஹூலியும் ஜான் டீஸ்டேலும் இதை ஒரே கேள்வியாகச் சுருக்கினார்கள்: உங்கள் துணைவர் உங்களை எவ்வளவு குறை சொல்கிறார், பத்துக்கு எத்தனை? நோயாளி சொல்லும் அந்த ஒற்றை எண், நோய் திரும்புமா என்பதை நீளமான பேட்டியைவிட நன்றாகவே காட்டியது. நம் ஊர்த் திண்ணையில் யாரும் இதை ஒத்துக்கொள்வார்கள். ஆனால் மருத்துவத்தில் எண்ணிக் காட்டினால்தான் அதற்கு நேரம் ஒதுக்குவார்கள், ஆள் போடுவார்கள்.

இரண்டாவது கட்டில் அதற்குள் பெங்களூருக்கும் போயிருந்தது. 1970களின் கடைசியில் நிம்ஹான்ஸில் குடும்ப வார்டு நடந்தது. கணவன், மனைவி, பிள்ளைகள் என்று குடும்பமாகவே தங்க வைத்து, குடும்பத்துக்கே சிகிச்சை. பட்டி (Bhatti), ஜானகிராமையா, சன்னபசவண்ணா ஆகியோர் 1980இல் அதைப் பற்றி எழுதினார்கள். 2009இல் அங்கேயே தாய்-சேய் வார்டு வந்தது. பிரசவத்துக்குப் பின் மனம் உடைந்த தாய், அவள் பக்கத்தில் தொட்டில், அதற்குப் பக்கத்தில் வீட்டுப் பெண் ஒருத்தியின் கட்டில். கில்மனுக்கு நூற்றிருபது வருடம் முன்பு கிடைக்காதது அது.

எல்லா ஆராய்ச்சியும் கட்டிலுக்குச் சாதகமாகப் பேசவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1980களில் நியூயார்க்கில் உள்நோயாளிகளின் குடும்பங்களுக்குச் சிகிச்சை கொடுத்துச் சோதித்தார்கள். பெண் நோயாளிகளுக்குப் பயன் தெரிந்தது, ஆண்களுக்கு அவ்வளவாக இல்லை. இருமுனைக் கோளாறு உள்ளவர்களுக்கு நன்மை நிலைத்தது. வெறும் மனச்சோர்வு மட்டும் உள்ளவர்களிடம் அந்த நன்மை நிற்கவில்லை. இதைப் படித்தபோது எனக்கு ஏமாற்றமாக இருந்தது. யோசித்துப் பார்த்தால் புரியாமலும் இல்லை. குத்தலுக்கு இவ்வளவு மெல்லிய தோல் உள்ளவரைக் குத்துகிறவரோடு ஒரே அறையில் உட்கார வைத்தால், உட்கார வைப்பவருக்கு நல்ல கைத்திறன் வேண்டும்.

கட்டிலில் யார் படுக்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அடிக்கிற கணவனுக்கு அந்தக் கட்டிலைக் கொடுத்தால் அது சிகிச்சை இல்லை, காவல். வரதட்சிணை பேசும் மாமியார் பக்கத்தில் படுத்திருந்தால் மருமகள் உளவியல் நிபுணரிடம் என்ன பேசுவாள்? கதவுக்கு வெளியே காது இருப்பது அவளுக்குத் தெரியும். வார்டுகளில் நான் பார்த்தவரை, ஆண் படுத்திருந்தால் பக்கத்தில் மனைவி. பெண் படுத்திருந்தால் பக்கத்தில் அவளுடைய அம்மா. அறுபது தாண்டிய அம்மாக்கள், தங்கள் சுகர் மாத்திரையை மறந்துவிட்டு மகளுடைய மாத்திரையை நேரம் பார்த்துக் கொடுப்பவர்கள். அத்தான் மாதிரி ஆண்கள் குறைவு. அவர் கடையை மூட முடிந்தது, தம்பியிடம் சாவியைக் கொடுக்க முடிந்தது. கூலிக்குப் போகிறவர் ஒரு நாள் அந்தக் கட்டிலில் படுத்தால் ஒரு நாள் சம்பளம் போயிற்று.

எனக்கு உண்மையில் கோபம் வருவது வேறொரு இடத்தில். பல ஆஸ்பத்திரிகள் இந்தக் கட்டிலை எடுத்துக்கொண்டு அதன் பின்னால் இருந்த பேச்சை விட்டுவிட்டன. ஆள் கட்டாயம் கூட இருக்க வேண்டும் என்கிறார்கள். இருக்கிறவரிடம் ஒருவரும் பேசுவதில்லை. ரவுண்ட்ஸ் வரும்போது "அட்டெண்டர் வெளிய இருங்க" என்கிறார்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் உள்ளவரைக் கண் இமைக்காமல் பார்த்துக்கொள் என்று சொல்லி, எதைக் கவனிக்க வேண்டும், என்ன பேசலாம், எப்போது நர்ஸைக் கூப்பிட வேண்டும் என்று சொல்லாமல் போய்விடுகிறார்கள். இரவெல்லாம் பயந்து விழித்திருந்த அந்த ஆள் காலையில் எரிச்சலில் நோயாளியின் மேல் விழுகிறார். அமிர்தசரஸில் வித்யாசாகரிடம் ஆளும் இல்லை, பணமும் இல்லை. அப்படியும் குடும்பங்களோடு உட்கார்ந்து பேச அவருக்கு நேரம் இருந்தது. ஆள் குறைவு என்று இன்று சொல்வதை முழுக்க மறுக்க முடியாது. ஒரு மாவட்ட ஆஸ்பத்திரி மனநல மருத்துவர் காலையில் பார்க்கும் கூட்டத்தை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் துணையாளோடு ஒரு மணி நேரம் பேச மனநல மருத்துவரே வேண்டியதில்லை. பயிற்சி பெற்ற சமூகப் பணியாளரோ நர்ஸோ போதும்.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் இந்தக் கட்டிலுக்குச் சட்டத்தில் இடம் கொடுத்தது. பதினெட்டு வயதுக்குக் கீழுள்ளவரை அட்மிட் செய்தால், அவருக்குத் துணைநிற்கச் சட்டம் ஏற்கும் 'நியமனப் பிரதிநிதி'யோ அந்தப் பிரதிநிதி அமர்த்தும் ஆளோ தங்கும் காலம் முழுக்கக் கூடவே இருந்தாக வேண்டும். பிரதிநிதி ஆணாக இருந்து நோயாளி சிறுமியாக இருந்தால், துணைக்குப் பெண்ணைத்தான் வைக்க வேண்டும். சிகிச்சையிலிருக்கும் தாயை மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளையிடமிருந்து சாதாரணமாகப் பிரிக்கக்கூடாது என்றும் சொல்கிறது. வயது வந்தவர் தன் பிரதிநிதியைத் தானே எழுதிக் கொடுக்கலாம், பிறகு மாற்றவும் செய்யலாம். கணவர்தான் இருக்க வேண்டும், அப்பாதான் இருக்க வேண்டும் என்று எங்கும் இல்லை. தோழியாக இருக்கலாம். நல்ல மனசுள்ள சித்தியாக இருக்கலாம். வயது வந்த ஒருவர் தானே போய்ச் சேர்ந்துகொள்ளவும் வழி இருக்கிறது. அதற்குக் குடும்பத்தில் யாருடைய அனுமதியும் தேவையில்லை. இந்தப் பிரிவுகளை வார்டின் சுவரில் தமிழில் எழுதி ஒட்டலாம். ஒட்டியிருப்பதை நான் எங்கும் பார்க்கவில்லை.

அதே சட்டத்தில் இன்னும் இரண்டு விஷயங்கள் துணையாளுக்கு நேரடியாகப் பயன்படுபவை. ஆதரவு கொடுப்பதற்குத் தேவையான அளவுக்கு நோயைப் பற்றியும் சிகிச்சையைப் பற்றியும் கேட்டுத் தெரிந்துகொள்ள நியமனப் பிரதிநிதிக்கு உரிமை உண்டு. டிஸ்சார்ஜ் செய்யும்போது, நோயாளி வீட்டில் யாரோடு இருக்கப்போகிறாரோ அவரையும் கலந்துகொண்டுதான் அடுத்த சிகிச்சையை மருத்துவர் திட்டமிட வேண்டும். அக்காவின் டிஸ்சார்ஜ் அன்று அந்தப் பேச்சு ஒரு மணி நேரத்துக்கு மேல் நடந்தது. தூக்கம் மறுபடி கலைந்தால் எத்தனை நாள் பொறுக்கலாம், மாத்திரையை யாரைக் கேட்டு நிறுத்துவது, பேச்சில் சாவு வந்தால் எந்த நம்பருக்குக் கூப்பிடுவது, கடைக்குப் போகும் முன் அத்தான் அவளோடு எவ்வளவு நேரம் உட்காருவார். எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். அதன் பிறகு அத்தான் உளவியல் நிபுணரிடம் தன் கேள்வியைக் கேட்டார்: வீட்டில் இனிமேல் தானும் கீழேயே படுத்துக்கொள்ளலாமா, அது அவளுக்குத் தொந்தரவாக இருக்குமா. "என்னைக் கேக்காதீங்க சார், அவங்களைக் கேளுங்க" என்றார் அந்தப் பெண்.